மோட்டார் வண்டியின் துணிக்கூரை: வாங்கும் பொருளா, பேணும் பொருளா?

ஒரு பழைய மாணவன்

யூபிலி மலர்களிலே கல்லூரியின் வரலாற்றையும், ஆசிரியப் பெருமக்களின் தொண்டினையும், விளையாட்டரங்கில் ஈட்டிய வெற்றிகளையும் எழுதுவதே மரபு. அம்மரபினின்றும் விலகி, பழைய மோட்டார் வண்டியொன்றின் துணிக்கூரையைப் பற்றி எழுதத் துணிந்தமைக்கு அன்பர்கள் பொறுத்தருள வேண்டும். பழைய மாணவர் ஒன்றுகூடும் நாள்களில், கூட்டம் முடிந்ததும் முற்றத்தில் நிற்கும் பழைய வண்டிகளைச் சுற்றி ஒரு சிறு கூட்டம் கூடுவதை யாவரும் கண்டிருப்பர். எந்த ஆண்டு வண்டி, எத்தனை மைல் ஓடியது, என்ஜின் எப்படி, பூச்சு எங்கே அடித்தது என்று வினாக்கள் எழும். ஆனால் மேலே மடித்து வைத்திருக்கும் கூரையைப் பற்றி ஒருவரும் வினவுவதில்லை. மழை தூறத் தொடங்கியதும் அதனை இழுத்து மூட முயன்று, அது முன்கண்ணாடிச் சட்டத்துக்கு இரண்டு அங்குலம் எட்டாமல் நிற்கும்போதுதான் அப்படியொன்று உண்டென்னும் நினைவு வருகின்றது.

இக்குறை வண்டிக்காரர் ஓரிருவருடைய குறையன்று. நிலைத்து நிற்பதையே செல்வமென்று மதித்து, அழியும் பொருளைக் கணக்கில் எடாதுவிடும் மனப்பான்மை நம்மிடையே வளர்ந்துவிட்டதன் அறிகுறி அது. நம் முன்னோர் அவ்வாறு எண்ணினரல்லர். கிடுகாலும் பனையோலையாலும் வேய்ந்த வீட்டிலே வாழ்ந்தவர்கள் கூரை அழியுமென்பதை அறிந்தே வாழ்ந்தார்கள். மாரி தொடங்குமுன் ஓலை வாங்கி, ஆள் பிடித்து, வளையும் மரமும் பார்த்து வேய்ந்தார்கள். வேய்வது இழிவென்றோ வீண்செலவென்றோ அவர்கள் கருதவில்லை. வீடு நிற்பதற்குரிய விலை அதுவென்றே கருதினர். துணிக்கூரையும் அத்தகையதே. அது கடையிலே ஒருமுறை வாங்கி முடித்துவிடும் பொருளன்று. நாள்தோறும் பேணவேண்டிய பொருள் என்பதே இக்கட்டுரையில் நான் வற்புறுத்த விழைவது.

எடுத்துக்காட்டாக, நம் நாட்டவர் நன்கறிந்த மொறிஸ் மைனர் வண்டியையே கொள்வோம். அலெக் இசிகோனிஸ் என்பார் வடிவமைத்த இவ்வண்டி 1948ஆம் ஆண்டு லண்டன் மோட்டார்க் கண்காட்சியிலே மக்கள் முன் வைக்கப்பட்டது. இரண்டு கதவுகளுடைய மூடிய வண்டியும், துணிக்கூரையுடைய திறந்த வண்டியும் அன்றே உடன்பிறந்தவைகளாக வெளிவந்தன. தொடக்கத்தில் திறந்த வண்டியின் பின்பக்கத்தே கழற்றி வைக்கும் பக்கத்திரைகள் இருந்தன. 1951ஆம் ஆண்டில் அவற்றின் இடத்தை நிலையான கண்ணாடிகள் பெற்றன. துணிக்கூரை மைனர் 1969 வரையும் செய்யப்பட்டது. மைனர் வகை முழுவதுமாகப் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட வண்டிகள் உலகெங்கும் சென்றன.

இலங்கையில் 1977ஆம் ஆண்டில் பொருளாதாரம் திறந்துவிடப்படும் வரை புதிய வண்டிகளின் இறக்குமதி இறுக்கமாகக் கட்டுப்படுத்தப்பட்டிருந்தமையால், பழைய வண்டிகளைக் கைவிடாது திருத்தி ஓட்டும் பழக்கம் ஆழ வேரூன்றியது. வடக்கிலோ போரும் பொருளாதாரத் தடையும் அப்பழக்கத்தைக் கட்டாயமாக்கின. 1990களிலே பெற்றோல் கிடையாத யாழ்ப்பாணத்தில் ஒஸ்ரின் வண்டிகளும் மொறிஸ் வண்டிகளும் மண்ணெண்ணெயில் ஓடின என்பதை அக்காலத்தவர் மறவார். சில துளி பெற்றோலைக் காட்டி என்ஜினை உயிர்ப்பித்து, பின்னர் மண்ணெண்ணெய்க்கு மாற்றிய கைவன்மை போற்றுதற்குரியது. ஆயினும் என்ஜினுக்குக் காட்டிய அவ்வறிவைக் கூரைக்கு நாம் காட்டினோமில்லை. கிழிந்த இடத்தில் தார்ப்பாயைத் தைத்தோம், கம்பியால் கட்டினோம், இயலாதபோது கழற்றி எறிந்தோம். இல்லாமையால் அன்று செய்ததை, எல்லாம் கிடைக்கும் இன்றும் செய்துகொண்டிருப்பதற்கு நியாயம் இல்லை.

துணிக்கூரையின் துணி சாதாரணத் துணியன்று என்பதை முதலில் உணர்தல் வேண்டும். 1823ஆம் ஆண்டில் ஸ்கொத்லாந்தைச் சேர்ந்த சார்ள்ஸ் மக்கின்ரொஷ் என்பார், நிலக்கரித் தாரிலிருந்து கிடைக்கும் நாப்தாவிலே றப்பரைக் கரைத்து, அதனை இரண்டு துணிகளுக்கிடையே பூசி ஒட்டும் முறைக்கு உரிமை பெற்றார். மழைச் சட்டைக்கு அவர் பெயரே வழங்கலாயிற்று. அவருடைய முதற்றுணி வெயிலிலே இளகியது, குளிரிலே விறைத்தது. கந்தகத்துடன் றப்பரைச் சூடாக்கிப் பதப்படுத்தும் முறை 1840களிலே நிலைபெற்ற பின்னரே அக்குறை நீங்கியது. துணி, றப்பர், துணி என்னும் அம்மூவடுக்கே இன்றைய உயர்தர ஹூட் சீலைக்கும் அடிப்படை. அந்த றப்பருக்கும் நம் நாட்டுக்கும் உள்ள உறவு பழையது. 1876ஆம் ஆண்டிலே பிரேசிலிலிருந்து கியூ தாவரத் தோட்டத்துக்குச் சென்ற விதைகளில் முளைத்த கன்றுகள் ஏறத்தாழ 1,900, அவ்வாண்டிலேயே இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவை அடுத்த ஹெனரத்கொட தோட்டத்தில் வளர்க்கப்பட்டன.

இவ்வரலாற்றிலே ஒரு பாடமும் உண்டு. றப்பரைக் கரைத்தது நாப்தா. பெற்றோலும் மண்ணெண்ணெயும் அதன் இனத்தவை. கூரையிலே கறை பட்டதும் பெற்றோல் நனைத்த துணியால் தேய்ப்போர் நம்மவரிற் பலர். கறை போகலாம், ஆனால் உள்ளிருக்கும் றப்பர் ஊதி, ஒட்டிய அடுக்குகள் பிரிந்து, சில மாதங்களில் அவ்விடம் கொப்புளமாக எழும். ஒட்டியதன் வழி எதுவோ, பிரிவதன் வழியும் அதுவே.

இன்று கிடைக்கும் சீலைகள் பெரும்பாலும் இரு வகையின. ஒன்று வைனில் பூசிய சீலை. மற்றையது மேலே நெய்த துணியும் நடுவே றப்பரும் உள்ளே மென்துணியும் கொண்டது. பின்னதை வணிகர் மோஹெயர் என்பர். மோஹெயர் என்பது அங்கோரா ஆட்டின் உரோமத்துக்குரிய பெயராயினும், இக்கால ஹூட் சீலையின் மேற்றுணி பெரும்பாலும் அக்கிறிலிக் இழையே. வைனில் விலை குறைந்தது, கழுவ எளிது. ஆனால் கடும் வெயிலிலே அதன் நெகிழ்ச்சியைக் காக்கும் எண்ணெய்ப்பொருள் நாளடைவில் வெளியேறிவிட, சீலை விறைத்து மடிப்புகளில் வெடிக்கும். நெய்த சீலை விலை கூடியது, அழுக்கை எளிதில் ஏற்பது. ஆயினும் வெயிலைத் தாங்கி நெடுங்காலம் நிற்கும். வெயிலும் உப்புக்காற்றும் மிகுந்த நம் பகுதிக்கு, பொருள் வசதியுள்ளவர் நெய்த சீலையையே கொள்க என்பேன். வசதி குறைந்தவர் வைனிலைக் கொண்டு நன்கு பேணினால் அதுவும் இழுக்கன்று. பேணாதவன் கையிலே எச்சீலையும் ஒன்றே.

சீலையைவிட முந்தி இறப்பது அதனைத் தைத்த நூல் என்பதையும் சொல்லவேண்டும். வெயிலின் புற ஊதாக்கதிர் நூலை நைக்கின்றது. ஊசித்துளையால் நீர் உள்ளே இறங்குகின்றது. துணி திடமாயிருக்கத் தையல் விட்டுப்போன கூரையை எறிந்துவிடுவது மடமை. நல்ல நூலால் மறுபடியும் தைப்பித்தால் இன்னும் சில ஆண்டுகள் அது நிற்கும். மூட்டுவாய்களை மடித்துத் தைக்கும்போது மேல்மடிப்புக் கீழ்மடிப்பின்மேல் விழுந்து நீரை வெளியே ஓடச்செய்தல் வேண்டும். ஓலை வேய்ந்தவனுக்கு இதனைச் சொல்லித்தர வேண்டியதில்லை.

இனிப் பொருத்தும் முறைக்கு வருவோம். இதிலே நான் பட்ட அறிவீனத்தை மறைக்காது கூறுவதே முறை. போர் ஓய்ந்த பின்னர் 2010ஆம் ஆண்டில் துணிக்கூரை மைனர் ஒன்று உறவினர் ஒருவரிடமிருந்து எனக்குக் கிடைத்தது. தைத்து முடித்த புதுச் சீலையொன்றை வாங்கி, ஒரு ஞாயிற்றுக்கிழமை நண்பகலில் நானே பொருத்தத் தொடங்கினேன். முன்சட்டத்திலே சீலையை ஒட்டி, ஆணியறைந்து, பின்னர் பின்பக்கம் இழுத்தேன். வெயிலிலே சீலை நன்றாக நெகிழ்ந்து கொடுத்தது. சுருக்கமே இல்லாமல் மத்தளத்தோல்போல் இழுத்துப் பிடித்து முடித்தபோது எனக்குப் பெருமிதம் உண்டாயிற்று. அன்றிரவு குளிர்ந்தபோது சீலை சுருங்கிற்று. மறுநாட் காலையில் ஒருமுறை திறந்த கூரையை மீண்டும் பூட்ட முடியவில்லை. பலங்கொண்டு இழுத்ததில் ஆணித்துளைகள் கிழிந்தன. பின்கண்ணாடியின் ஓரமும் கோணிற்று.

கிழிந்ததைக் கொண்டு, குஷன் வேலையிலே முதிர்ந்த ஒருவரிடம் சென்றேன். அவர் சீலையைப் பார்க்கவில்லை; முதலில் இரும்புச் சட்டத்தையே பார்த்தார். "தம்பி, எலும்பு கோணலாய் இருக்க, தோலை இழுத்து என்ன பயன்?" என்றார். சட்டத்தின் மூட்டொன்று தேய்ந்திருந்தது. வளைசட்டங்களை ஒன்றோடொன்று இணைத்து அவற்றின் இடைவெளியைக் காக்கும் நாடாக்கள் தொய்ந்திருந்தன. முன்சட்டத்தின் மரம் உட்புறம் உக்கிப்போயிருந்தது. "அண்ணை, இவ்வளவையும் திருத்தவோ?" என்று கேட்டேன். "திருத்தாட்டில் சீலையைத் தொடமாட்டன்" என்றார்.

அவர் வேலை செய்த ஒழுங்கை அருகிருந்து கண்டேன். முதலில் மூட்டுகளைத் திருத்தி, மரத்தை மாற்றி, புது நாடாக்களைக் கட்டி, கூரையில்லாத வெறுஞ்சட்டத்தையே பலமுறை திறந்து மூடிப் பார்த்தார். பின்னர் வண்டியின் முன்சட்டத்திலும் பின்விளிம்பிலும் நடுப்புள்ளியைச் சுண்ணக்கட்டியாற் குறித்தார். சீலையின் நடுவையும் மடித்துக் குறித்தார். பழைய சீலையை விரித்துப் புதியதன்மேல் வைத்து அளவு ஒப்பிட்டார். புதுச் சீலையைச் சிறிது நேரம் காலை வெயிலிலே விரித்து, மடிப்பின் விறைப்பு நீங்கிய பின்னரே மேலே இட்டார். பின்விளிம்பின் நடுவிலிருந்து தொடங்கி, இடப்புறம் ஒன்று வலப்புறம் ஒன்றாக மாறிமாறிப் பிடித்துக்கொண்டே ஓரங்களுக்குச் சென்றார். பின்பக்கம் நேராக நின்ற பின்னரே முன்பக்கத்துக்கு வந்தார். கதவுகளையும் கண்ணாடிகளையும் மூடி, சீலையை முன்சட்டத்தின்மேல் கவ்விகளால் மாத்திரம் பிடித்து, விளிம்பிலே கோடிட்டார். பின்னர் பூட்டைத் தளர்த்தி, அக்கோட்டுக்குச் சில மில்லிமீற்றர் அப்பால் மட்டும் இழுத்துப் பசை தடவினார். ஓர் இரவு அப்படியே விட்டார். மறுநாள் திறந்து மூடிப் பார்த்து, வாய்ப்பாயிருக்கக் கண்டபின்பே ஆணியறைந்து, எஞ்சிய ஓரத்தை வெட்டினார். வெட்டியதை ஒட்டமுடியாது என்பதால் வெட்டுவதை இறுதிக்கு வைத்தார். பதறாத காரியம் சிதறாது என்னும் பழமொழியின் பொருளை அன்றே அறிந்தேன்.

புதுக்கூரை சட்டத்தின் வடிவுக்குப் பழகும்வரை இரண்டு கிழமைக்கேனும் அதனைத் திறவாதிருக்கும்படியும் அவர் கூறினார். திறந்த வண்டியை வைத்துக்கொண்டு திறவாதிருப்பது எளிதன்று. ஆயினும் அப்பொறுமையின் பயனை இன்றும் நுகர்கின்றேன்.

பொருத்துவது வினைஞன் கடமை; பேணுவது உடையவன் கடமை. கந்தையானாலும் கசக்கிக் கட்டு என்பது நம் பழமொழி. ஆனால் கூரைச் சீலையைக் கசக்கலாகாது. உலர்ந்த தூசை முதலில் மெல்லிய தூரிகையால் தட்டிவிடுக. மென்மையான சவர்க்காரத்தை நீரிலே கரைத்து, நெசவின் வழியே மெல்லத் தேய்த்து, சவர்க்காரம் எஞ்சாதபடி நிறைந்த நீரால் அலசுக. சலவைத் தூளும் வெளுப்பு மருந்தும் வேண்டா. நெய்த சீலையின்மேல் நீர்த்துளி உருண்டோடாமல் ஊறத் தொடங்கினால், அதற்குரிய நீர்காப்பு மருந்தை, சீலை நன்கு உலர்ந்த பின்னர்ப் பூசுக. வைனிலுக்குரிய பளபளப்பு எண்ணெயை நெய்த சீலைக்குப் பூசுவது தூசை அழைத்து விருந்து வைப்பதாகும்.

பின்பக்கத்துக் கண்ணாடி பிளாஸ்ரிக்காயின் அதனை உலர்ந்த துணியால் ஒருபோதும் துடைத்தலாகாது; ஒவ்வொரு தூசும் ஒரு கீறலாகும். நீர் ஊற்றி மென்துணியால் ஒற்றுக. கூரையை மடிக்கும்போது அதன் மடிப்பிடையே மென்துணியொன்றை வைக்க. நனைந்த கூரையை மடித்தல் எல்லாவற்றினும் பெரும் பிழை. ஐப்பசி கார்த்திகை மழையிலே நனைந்ததை மடித்து விட்டவர், மார்கழியில் திறக்கும்போது பூஞ்சணப் புள்ளிகளையே காண்பர். அப்புள்ளிகள் இழையினுள் ஊறியபின் எச்சவர்க்காரமும் போக்காது. நெடுநாள் ஓட்டாது விடுவதாயின் கூரையை மூடியே விடுக. மடித்துவிட்ட சீலை சுருங்கும்; அதன் மடிப்பு எலிக்கு வாய்த்த மாளிகையுமாகும்.

வேப்பமர நிழல் மனிதருக்கு நல்லது. கூரைக்கு அத்துணை நல்லதன்று. பறவையின் எச்சமும் மரத்தின் பிசினும் சீலையை அரிக்கும். எச்சம் விழுந்தால் காயுமுன் நீரால் நனைத்து நீக்குக. ஈர வண்டியின்மேல் பொலிதீன் விரிப்பை இடுவதும் தகாது; ஈரம் வெளியேற வழியின்றி உள்ளேயே வியர்க்கும். காற்றோட்டமுள்ள கொட்டகையே சிறந்தது. அது ஓலைக் கொட்டகையாயினும் போதும்.

இங்கே சிலர் ஒரு தடை எழுப்புவர். "ஒரு துண்டுச் சீலைக்கு இத்துணை ஆரவாரமா? பழுதானால் வேறொன்று வாங்கினாற் போகிறது" என்பர். வாங்கலாம். ஆனால் வாங்கிய சீலையைப் பொருத்த அறிந்தவர் எங்கே? கூரைச் சட்டத்தைத் திருத்தி, நாடா கட்டி, நடுக்குறித்துப் பொருத்தும் கைகள் இன்று முதியவர்களுடையவையாகவே பெரும்பாலும் உள்ளன. அவர்களுக்கு வேலை கொடுப்பவர் இல்லையாயின் அவ்வறிவு அவர்களோடு மறையும். பின்னர் எத்தனை பணமிருந்தும் சீலை பெட்டியிலேயே கிடக்கும்.

வேறு சிலர் எதிர்ப்புறத்தே தவறுவர். மூடிய மைனரை வாங்கி, அதன் தகரக் கூரையை அறுத்து, துணிக்கூரை வண்டியாக்கி மகிழ்வர். இஃது அழகுப் பிழை மட்டுமன்று, உயிருக்கே ஆபத்தானது. மைனருக்குத் தனி அடிச்சட்டம் இல்லை. உடலே சட்டம், அதில் கூரையும் ஓர் அங்கம். ஆகவேதான் தொழிற்சாலையிலே செய்த திறந்த வண்டிக்குக் கதவடிப் பகுதியிலும் கதவுத் தூணிலும் மேலதிக வலுவூட்டல் அமைத்தனர். அஃதின்றிக் கூரையை அறுத்தால் நடுவே வண்டி தொய்யும். ஓடும்போது கதவு திறக்கவும் கூடும். இசிகோனிஸும் தம் முன்மாதிரி வண்டியை நடுவே அறுத்து நான்கு அங்குலம் அகலமாக்கினார் என்பது உண்மையே. அவர் கணக்கறிந்து அறுத்தார். நாம் ஆசையால் அறுக்கின்றோம்.

இம்மலரைப் படிக்கும் மாணவர்க்கு ஒரு சொல். நம் கல்லூரிகள் நீண்ட காலமாக மருத்துவரையும் பொறியியலாளரையும் வழக்கறிஞரையும் ஆக்கிப் பெருமையுற்றன. அப்பெருமை தக்கதே. ஆயினும் ஊசியும் நூலும் பிடித்து, அளவறிந்து வெட்டி, ஓர் இரவு பொறுத்திருந்து ஆணியறையும் ஒருவரின் அறிவு நம் வகுப்பறை அறிவினும் தாழ்ந்ததென்று எண்ணும் நோய் நம்மைப் பற்றியிருக்கின்றது. பள்ளிக்குப் போகாத அவ்வினைஞர், பட்டம் பெற்ற என் பிழையை ஒரு பார்வையிலே கண்டார். அத்தகையோரை மாதத்தில் ஒரு சனிக்கிழமையேனும் கல்லூரிக்கு அழைத்து, மாணவர் முன்னிலையில் வேலை செய்யச் சொல்லி, உரிய ஊதியமும் மரியாதையும் அளிக்கும்படி பழைய மாணவர் சங்கத்தாரை வேண்டுகின்றேன். இதற்குப் பெருநிதி வேண்டியதில்லை. ஒரு மரநிழலும் ஒரு பழைய வண்டியும் போதும். வண்டி வேண்டுமாயின் என்னுடையதைத் தருவேன்.

அடுத்த ஒன்றுகூடலிலும் முற்றத்தில் வண்டிகள் நிற்கும். என்ஜினைப் பற்றி வினவுக. பூச்சைப் பற்றியும் வினவுக. அதன்பின் கூரையை ஒருமுறை திறந்து மூடிக் காட்டும்படி வண்டிக்காரரைக் கேளுங்கள். அது தடையின்றி மூடிச் சட்டத்திலே பொருந்துமாயின், அவர் வண்டியை வைத்திருப்பவர் மட்டுமல்லர், காத்திருப்பவரும் ஆவர் என்பதை அறிந்துகொள்வீர்கள். பொருந்தாதாயின், மழை வருமுன் அவரை அம்முதிய வினைஞரிடம் அனுப்பிவையுங்கள். அவர் இன்னமும் வேலை செய்கின்றார்.